உயிர் காக்கும் துண்டு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமாருக்காக நடத்தப்பட்ட ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



துணி துவைக்கவும் விறகு கொண்டுவரவும் டவுனுக்குப் போய்வரவும் கிடைக்கிற ஒரே நாளில் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டத்தில் எதற்கெல்லாம் துண்டு வேண்டும்? டிஸ்பென்சரியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக துண்டு. லொறி கேட்க துண்டு. விறகு எடுக்க துண்டு. லயத்துக் கூரைக்கு ஒரு தகரம் வேண்டுமென்றால் துண்டு, அதுவும் மூன்று தரம் எழுத வேண்டும். ஆனால் மலக்குழிக்குள் ஓராள் இறங்க என்ன வேண்டும்? ஸ்டோர் கூரையில் ஏற என்ன வேண்டும்? இயந்திரத்துக்குள் கை விட என்ன வேண்டும்? ஒன்றுமில்லை. "ஏறிப் பாருப்பா", "இறங்கி அள்ளுப்பா" என்ற ஒரு வாய்ச்சொல் போதும். தகரத்துக்கு உள்ள கணக்கு ஆளின் உயிருக்கு இல்லை.

துண்டு என்ற சொல்லுக்கே நம் மக்களிடம் ஒரு பழைய கதை உண்டு. நம்ம பாட்டன், பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக துண்டு வேண்டும். இந்தக் கங்காணிக்கும் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் தொழிலாளியின் தலையில். சீட்டு கங்காணியின் கையில். அதில் என்ன எழுதியிருந்தது என்று நம் ஆட்களில் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆளைக் கட்டிப்போட்ட துண்டு அது. நான் இன்று கேட்கச் சொல்லுவது ஆளைக் காப்பாற்றுகிற துண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'வேர்க் பெர்மிட்' என்று பெயர். வேலை அனுமதித் துண்டு என்று நாம் சொல்லலாம். கொழும்பில் பெரிய கட்டட வேலைகளுக்குப் போய் வந்த நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'பெர்மிட்' என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, இடைவேளை நேரம் வந்து ஒரு கடிதத்தை நீட்டியது. "சேர், இதை வாசிச்சு சொல்லுங்க. வீட்டில யாருக்கும் வெளங்கல." ஆங்கிலக் கடிதம். அந்தப் பிள்ளையின் அப்பா ஸ்டோரில் இரவு வேலை செய்தவர். அரைத்த கொழுந்தைச் சலிக்கிற இயந்திரத்தில் இலை அடைத்துக்கொண்டது. அவர் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். அந்த நேரம் ஆள் மாறுகிற நேரம். போகிறவர் போய்விட்டார், வருகிறவர் வந்தார். வந்தவருக்கு இந்தப் பக்கம் ஆள் குனிந்திருப்பது தெரியவில்லை. இயந்திரம் சும்மா நிற்கிறது, கொழுந்து குவிகிறது என்று பார்த்தார். சுவிட்சைப் போட்டார். வலது கையில் நான்கு விரல் போய்விட்டது.

விசாரணை நடந்ததாம். அதன் முடிவைத்தான் அந்தக் கடிதம் சொன்னது: விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனயீனம். அதைத் தமிழில் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. பிறகு, "அப்பா சுவிட்சை நிப்பாட்டிட்டுத்தானே சேர் கைய வச்சாரு?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. சுவிட்சைப் போட்டவரும் நம்ம ஆள்தான். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் வருஷக்கணக்காக மனம் நொந்து திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே கவனமாக வேலை செய்கிறவர்கள். ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிய அங்கே ஒரு வழியும் இருக்கவில்லை. அந்த வழியை உண்டாக்குவதுதான் அனுமதித் துண்டு.

அதில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். ஒரு தாள்தான். அதில் முதலாவது: என்ன வேலை, சரியாக எந்த இடத்தில், யார் யார் செய்யப் போகிறார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. இரண்டாவது: அந்த வேலையில் உள்ள ஆபத்துகள் என்ன. மூன்றாவது: அந்த ஆபத்தை நிறுத்த வேலைக்கு முன் என்ன செய்யப்பட்டது. கரண்ட் துண்டிக்கப்பட்டதா? பூட்டுப் போடப்பட்டதா? காற்று சோதிக்கப்பட்டதா? கயிறு, பெல்ட் இருக்கிறதா? வெளியே காவலுக்கு ஆள் நிற்கிறாரா? நான்காவது: பொறுப்பான உத்தியோகத்தர் அந்த இடத்துக்கே வந்து, தன் கண்ணால் பார்த்து வைக்கும் கையெழுத்து. ஐந்தாவது: செய்யப் போகிறவர் வாசித்து, அல்லது வாசிக்கக் கேட்டு, விளங்கிக்கொண்டு வைக்கும் கையெழுத்து. கடைசியாக: வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி, ஆயுதங்களை எண்ணி, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று துண்டை மூடுவது. ஒரு பிரதி வேலை நடக்கும் இடத்தில் எல்லாருக்கும் தெரியத் தொங்க வேண்டும். இன்னொன்று ஒபிசில் இருக்க வேண்டும்.

இதில் பூட்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். சுவிட்சை நிறுத்துவது வேறு, பூட்டுவது வேறு. நிறுத்தியதை யாரும் போடலாம். பூட்டியதைச் சாவி வைத்திருப்பவர்தான் போடலாம். உள்ளே கை வைப்பவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஒரு தடவை சுவிட்சைத் தட்டிப் பார்த்து, இயந்திரம் உண்மையிலேயே செத்துத்தான் கிடக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஒரு பூட்டின் விலை என்ன? அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் நான்கு விரலும் இருந்திருக்கும்.

"துண்டு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, சேர்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. அதற்கு உலகமறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது.

ஸ்கொட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்த் தளம் இருந்தது. கடலுக்கு நடுவே இரும்புத் தூண்களில் நிற்கும் ஒரு ஸ்டோர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1988 ஜூலை 6 ஆம் திகதி அங்கே ஒரு பம்ப் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டது. அந்தப் பம்போடு சேர்ந்த பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தை ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனார்கள். பம்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு வேறு பெர்மிட். இரவு வேலைக்கு வந்தவர்களுக்கு வால்வு கழற்றப்பட்ட செய்தி போய்ச் சேரவில்லை. இரவில் மற்றப் பம்ப் நின்றுபோக, இதை ஓடவிட்டார்கள். வாயு கசிந்தது, வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

அங்கே பெர்மிட் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஆள் மாறும் நேரத்தில் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போக வேண்டிய செய்திதான் போகவில்லை. நம்ம ஸ்டோரில் நடந்ததும் அதேதான். அங்கே பெரிய கம்பனி, கோடிக்கணக்கில் பணம். இங்கே சலிக்கிற இயந்திரம். வருத்தம் ஒன்றுதான். ஆகவே முதல் விதி: ஆள் மாறும்போது துண்டு கைமாற வேண்டும். போகிறவர் வருகிறவரை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் கழற்றியிருக்கிறது, இதைத் தொடாதே" என்று காட்ட வேண்டும்.

எல்லா வேலைக்கும் துண்டு வேண்டுமா? வேண்டாம். கொழுந்து பறிக்க, முள்ளுக்குத்த, கவாத்து வெட்டத் துண்டு கேட்டால் அது வெறும் சடங்காகிவிடும். ஒரு பிழை நடந்தால் திரும்பி வர முடியாத வேலைகளுக்குத்தான் துண்டு. நம்ம தோட்டத்தில் அப்படி ஐந்து வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, மூடிய குழியும் தொட்டியும். மலக்குழி, தண்ணீர்த் தொட்டி, பழைய கிணறு. நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 வீதம் ஒட்சிசன். 19.5 வீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பது விதி. குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மலக்குழியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டு. அது அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் அதிக ஆபத்து. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் சோதனை இல்லை. விஷவாயு இருந்தும் விளக்கு எரியலாம், தீப்பிடிக்கும் வாயு இருந்தால் வெடிக்கவும் செய்யலாம். வாயு அளக்கும் கருவியால்தான் அளக்க வேண்டும். ஆகவே துண்டின் முதல் கேள்வியே இதுதான்: ஆள் இறங்கத்தான் வேண்டுமா? பிரதேச சபையின் கலி பவுசரைக் கூப்பிட்டால் ஆள் இறங்காமலே வேலை முடியும் அல்லவா?

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குழிக்குள் ஒருவர் விழுந்தால் அண்ணன் குதிப்பான், பிறகு மச்சான் குதிப்பான். நம்ம பாசம் அப்படி. மூடிய இடங்களில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் அரச தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986 இல் எச்சரித்தது. அதனால்தான் இறங்குகிறவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையிலும் இருக்க வேண்டும். இழுத்து எடுக்கலாம், பின்னால் குதிக்கக் கூடாது.

இரண்டு, நெருப்பு வேலை. ஸ்டோருக்குள் வெல்டிங், இரும்பு வெட்டுதல். தேயிலைத் தூசு எரியும். பழைய ஸ்டோர்களில் மாடி முழுக்கப் பலகை. பொறி எங்கேயோ போய் உட்கார்ந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு புகையும். சுற்றுமுற்றும் தூசு துடைத்து, தீயணைப்பானும் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, வேலை முடிந்தும் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஓராள் காவல் நிற்க வேண்டும்.

மூன்று, உயரம். ஸ்டோர் கூரை, தண்ணீர் டேங்க், புகைபோக்கி. பழைய அஸ்பெஸ்டோஸ் தகடு பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், கால் வைத்தால் முட்டை ஓடு. பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். பாதுகாப்பு பெல்ட்டை உறுதியான இடத்தில் கட்ட வேண்டும். மழை வந்தால், காற்று எழும்பினால், துண்டு அந்த நிமிஷமே செல்லாது. இறங்கிவிட வேண்டும். விட்ட பிறகு திரும்ப ஏறப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

நான்கு, மரம் வெட்டு. முக்கியமாக மின்கம்பிக்குப் பக்கத்தில் உள்ள மரம். "கரண்ட் இல்லை, வெட்டு" என்று யாரோ போனில் சொன்னது போதாது. மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் ஆட்கள் லைனை நிறுத்தி, நிறுத்தியதை உறுதிப்படுத்திய பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். கீழே பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கொழுந்து கொண்டுபோகும் பெண்களும் வராமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்த வேண்டும்.

ஐந்து, இயந்திரமும் கரண்டும். அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மருந்தடிப்பைப் பற்றி அக்காமார் கேட்பீர்கள். அதற்கு இதே மாதிரித் துண்டு இல்லாவிட்டாலும் இதே முறை உதவும். எந்த மலையில், என்ன மருந்து, எத்தனை மணிக்கு அடித்தது, எந்த நாள் வரை அந்த மலைக்குள் போகக் கூடாது என்று பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதிப் போட வேண்டும். மருந்துப் போத்தலின் லேபலில் அந்த நாள் கணக்கு இருக்கும். அதை வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

இனி, இதில் உள்ள பொறிகளைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாம் கேட்கிற துண்டு நமக்கு எதிராகவே திரும்பலாம்.

முதல் பொறி, விளங்காத பாஷை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் காட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றால் வைக்காதீர்கள். விபத்து நடந்த பிறகு, "எல்லாம் தெரிந்துதான் கையெழுத்து வைத்தார்" என்று சொல்ல அது உதவும். நம்ம பூட்டன் வாசிக்க முடியாத துண்டு ஒன்றில் மாட்டிக்கொண்டார். நாமும் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. துண்டு தமிழில் இருக்க வேண்டும். சிங்களத் தோழர்கள் வேலை செய்யும் இடத்தில் சிங்களத்திலும் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது பொறி, ஒபிசில் உட்கார்ந்து வைக்கும் கையெழுத்து. காலையிலேயே பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டால் அது துண்டு இல்லை, வெறும் கடதாசி. குழியைப் பார்க்காமல் குழிக்குக் கையெழுத்து வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது பொறி, பேர். இதுதான் பெரியது. சோதித்து, பூட்டி, எழுதி முடிக்க அரை மணி ஒரு மணி போகும். அந்த நேரத்தைக் காட்டி அரைப்பேர் போட்டால் நாளைக்கு யார் துண்டு கேட்பார்கள்? நாமே "பரவாயில்லைங்க ஐயா, சட்டுனு முடிச்சுடறேன்" என்று இறங்கிவிடுவோம். பாதுகாப்புக்குச் செலவாகும் நேரம் வேலை நேரம்தான், அதற்கு முழுப்பேர் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்துகிறவரைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் அதே தாளில் வாங்க வேண்டும். கொந்தராத்துக்கு வருகிற ஆளுக்கும் இதே விதிதான். குழி சுத்தம் செய்ய டவுனிலிருந்து கூட்டிவரும் பையனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

நான்காவது பொறி நம்மிடமே இருக்கிறது. "நான் இருபது வருஷமா செய்றேன், எனக்குத் துண்டா?" என்று கேட்கும் அண்ணன்மாரைச் சொல்கிறேன். உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுவிட்சுப் பக்கம் நிற்பவருக்கு உங்கள் இருபது வருஷம் தெரியாது. அவருக்குத் தெரிய ஒரு பூட்டும் ஒரு தாளும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் நம்ம ஸ்டோருக்கும் பொருந்தும். ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் வந்து பார்க்க அதிகாரம் உள்ளவர்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மூலம் எழுதலாம். ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கானது. மலையில் மரத்தில் ஏறுகிறவரையும் லயத்துக் குழியில் இறங்குகிறவரையும் அது போதிய அளவு காப்பதில்லை. அந்த இடைவெளியை நிர்வாகத்தோடு பேசி எழுதிக்கொள்ளும் உடன்பாட்டால்தான் அடைக்க முடியும்.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இருக்கிறது. வேலையால், வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க, துரையின் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆகவே கடிதத்தில் 'கவனயீனம்' என்று கண்டதும் கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்தக் கடிதத்தோடு நேரே சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். பாதுகாப்பான, சுகாதாரமான வேலையிடம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் ஏற்றுக்கொண்டது. நாம் சலுகை கேட்கவில்லை.

இனி செய்ய வேண்டியது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்துக்குள் ஸ்டோரையும் லயங்களையும் சுற்றிப் பார்த்து, ஆபத்தான இடங்களின் பட்டியல் ஒன்று எழுதுங்கள். எத்தனை குழி, எத்தனை தொட்டி, எந்தக் கூரை, எந்த இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லை, எந்தச் சுவிட்சுக்குப் பூட்டுப் போட வழி இல்லை. எழுதுவது சிரமம் என்றால் வீட்டில் உள்ள பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், நான் திருத்தித் தருகிறேன். அந்தப் பட்டியலோடு அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகத்திடம் பேசுவோம். அது வரைக்கும் யாராவது "இறங்கு", "ஏறு", "கைய விடு" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சோதித்தீர்கள்? எதைப் பூட்டினீர்கள்? வெளியே யார் நிற்கிறார்? மரியாதையாகவே கேளுங்கள். பதில் வரும் வரை வெளியே நில்லுங்கள்.

தனியாகக் கேட்பவரைச் சண்டைக்காரன் என்பார்கள். பிரட்டில் நிற்கும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டால் அது தோட்டத்து வழக்கமாகிவிடும். அதற்குத்தான் சங்கம்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படித்து முடித்துவிட்டது. அதன் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்: ஆமாம் மகளே, உன் அப்பா நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தார். பூட்டும் துண்டும் கொடுக்காதது அவருடைய கவனயீனம் இல்லை.